இணையம் அரிதாகக் கிடைக்கும் ஊரில் எந்த இயங்குதளம் நிறுவலாம்?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்துகாணியில் வசிக்கிறேன். ரப்பர் பால் கணக்கு எழுதுவதும் பிள்ளைகள் படிப்பதும் 64 பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்ட ஒரு பழைய மடிக்கணினியில்தான். அதில் விண்டோஸ் 10 இருக்கிறது. கைப்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா. மழை பிடித்தால் சிக்னலே இருக்காது. வாரம் ஒருமுறை மார்த்தாண்டம் சென்று வருவேன். எந்த இலவச இயங்குதளம் எனக்குப் பொருந்தும்?

பதில்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், மாற நினைப்பது சரியான முடிவுதான். பலரும் நிறுவல் கோப்பு எவ்வளவு பெரியது என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். உங்கள் நிலையில் அதைவிட முக்கியமானது, நிறுவிய பிறகு புதிய மென்பொருளும் பாதுகாப்புத் திருத்தங்களும் எந்த வழியாக வந்து சேரும் என்பதே. அப்படிப் பார்த்தால் என் பரிந்துரை, லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான டெபியன்.

டெபியனின் இணையதளத்தில் முதலில் கண்ணில் படும் ‘நெட்இன்ஸ்ட்’ கோப்பு சிறியது. ஆனால் மீதி அனைத்தையும் இணையத்திலிருந்தே இழுக்கும் என்பதால் அது உங்களுக்கு ஆகாது. ஏறத்தாழ 4 ஜிபி அளவுள்ள ‘டிவிடி-1’ கோப்பை மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கி, கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டக் கூடவே தரப்படும் சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட்ட பின் பென்டிரைவில் எழுதுங்கள். லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ் உள்ளிட்ட அன்றாடத் தேவைகள் அதிலேயே உள்ளன. நிறுவும்போது இணையக் களஞ்சியத்தை (டெபியன் மென்பொருள்கள் வைக்கப்பட்டுள்ள இணையக் கிடங்கை) பயன்படுத்தலாமா என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்றும், திரைச் சூழலாக (சாளரங்களும் பட்டியல்களும் தோன்றும் முகப்பாக) எக்ஸ்எஃப்சிஇ என்றும் தேர்ந்தெடுங்கள். 4 ஜிபி ரேமுக்கு அது இதமாக ஓடும். 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல் வைஃபை போன்ற வன்பொருளை இயக்கத் தேவைப்படும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளும் நிறுவல் கோப்பிலேயே சேர்க்கப்படுவதால், அதைத் தனியாகத் தேடும் பழைய தலைவலி ஒழிந்தது.

அந்த டிவிடி-1 கோப்பை அழித்துவிடாமல் வன்தட்டிலும் ஒரு படி வைத்துக்கொண்டு, அதை ஒரு கோப்புறைபோல் திறக்கும்படி இணைத்து (மவுண்ட் செய்து), டெபியனில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் நிரல் எங்கிருந்து எடுக்கலாம் என்று காட்டும் மூலப் பட்டியலில் அதன் பாதையைச் சேர்த்தால், அதிலுள்ள மென்பொருள்களை இணையமின்றி எப்போது வேண்டுமானாலும் நிறுவலாம். அவ்வாறு சேர்க்கும்போது அந்த மூலம் நம்பகமானது என்று நீங்களே குறிப்பிட வேண்டியிருக்கும். சரிபார்ப்பு எண்ணை முன்பே ஒப்பிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற சிறிய நிரல் இருக்கிறது. அதையும் தமிழ்99 விசைப்பலகைக்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பையும் முதல் நாளே கைப்பேசி இணைப்பின் வழியாக நிறுவிவிடுங்கள். டெபியனின் இணையக் களஞ்சிய முகவரிகளும் மூலப் பட்டியலில் இருக்க வேண்டும். தேவையான கோப்புகளின் முகவரிகளை ஆப்ட்-ஆஃப்லைன் ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். இணையமுள்ள வேறொரு கணினியில் அதே நிரல் அவற்றைப் பதிவிறக்கி ஒரே தொகுப்பாகக் கட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுவிக்கொள்ளலாம். கடைக்காரர் தம் கணினியில் நிரலை நிறுவ இசையாவிட்டால், மென்பொருள்களைத் திரையில் தேர்ந்தெடுத்து நிறுவ உதவும் சினாப்டிக் நிரல் உருவாக்கும் பதிவிறக்கப் பட்டியலிலுள்ள முகவரிகளை உலாவியில் ஒவ்வொன்றாக இட்டு எடுக்க வேண்டியதுதான். கடைக் கணினியில் விண்டோஸ் வைரஸ் இருந்து பென்டிரைவில் ஒட்டிக்கொண்டாலும் அது டெபியனில் இயங்காது. மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். ஒவ்வொரு டெபியன் வெளியீட்டுக்கும், நீண்டகால ஆதரவையும் சேர்த்து, ஏறத்தாழ 5 ஆண்டுகள் திருத்தங்கள் வருகின்றன.

களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில், அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு தொகுத்த இயங்குதளம் ஓடுவதால், அதையே வாங்கிப் போடலாமே என்று உங்கள் பகுதியில் யாரேனும் சொல்லக்கூடும். அது அங்குள்ள பாடத்திட்டத்துக்காக அமைக்கப்பட்டது. பொதுவான உபுண்டுவிலும் ‘ஸ்னாப்’ எனப்படும் மென்பொருள் தொகுப்புகள் பின்னணியில் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, 1.5 ஜிபி டேட்டாவை நம்பியிருப்பவருக்கு அது பிடிக்காது.

வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் முன் கணக்குக் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அவை எக்செல் கோப்புகளாக இருந்தால் பெரும்பாலும் லிப்ரே ஆபிஸில் திறந்துவிடும். கணக்கு டேலி என்ற கணக்கியல் மென்பொருளில் இருந்தால் மட்டும் விண்டோஸை அழிக்காமல் அருகிலேயே டெபியனை நிறுவி, இணையத்தோடு தொடர்புள்ள வேலைகள் அனைத்தையும் டெபியனில் செய்யுங்கள்.