"அம்மா, கை உறைக்குமோ?"

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நான் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். வயது 31. மூன்றரை வயதில் ஒரு மகள். இந்த வருடம்தான் முன்பள்ளிக்கு விட்டேன். இரண்டு வருடமாக வீட்டில் மிளகாய்த்தூள் செய்து விற்கிறேன். செத்தல் மிளகாயின் காம்பு நுள்ளுவது, காயவைப்பது, வறுப்பது, மில்லுக்குக் கொண்டுபோய்த் திரிப்பது, பைக்கட் போடுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் நான்தான். கிழமைக்கு 20 கிலோ போகிறது. கிலோ 2,200 ரூபாய். செலவு போக 450 மிஞ்சும். இரவு பதினொரு மணிக்கும் வட்ஸ்அப்பில் ஓடர் வருகிறது. போன மாதம் ஒரு நாள் மகள் என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தவள், பாதியில் நின்று "அம்மா, கை உறைக்குமோ?" என்று கேட்டாள். அன்று முழுக்க அழுதேன். மாமி, "பிள்ளையைப் பார்க்காமல் என்ன யாவாரம்?" என்கிறா. விட்டுவிடட்டோ? இல்லாவிட்டால் கடன் எடுத்து வீட்டிலேயே ஒரு கிரைண்டர் போட்டால் நேரம் மிஞ்சுமோ? (பெயர் வேண்டாம்.)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது. எத்தனை தரம் சோப் போட்டாலும் விரல் இடுக்கிலும் நகத்துக்கு அடியிலும் இருக்கும். ஆனால் எண்ணெயில் கரையும். வேலை முடிந்ததும் கையை நனைக்காமல், தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு முழங்கை வரை நன்றாகத் தேய்த்து, பழைய துணியால் துடைத்து, அதற்குப் பிறகு சோப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு தரம் செய்தால் கன்னத்தைத் தொடலாம். காம்பு நுள்ளும்போது பார்மசியில் விற்கிற கையுறையைப் போடுங்கள். கழுவி முடித்ததும் கையை நீட்டி "மணந்து பார், உறைக்காது" என்று மகளிடமே காட்டுங்கள். கேட்டு நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு, எப்போது கேட்கத் தேவையில்லை என்றும் தெரிந்துவிடும்.

சரி, இனி யாவாரத்துக்கு வருவோம். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடத்தில் கிழமைக்கு 20 கிலோவுக்கு ஆள் பிடிப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், அதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. செத்தல், மல்லி, சீரகம், மில் கூலி, பை என்று எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கிறீர்கள். மகளை யார் பார்த்தது என்பதற்கு விலை போடவில்லை. முன்பள்ளியால் வந்த பிறகு பிள்ளை தாச்சிப் புகையில், உங்கள் காலடியில் நிற்கிறாள். இல்லாவிட்டால் மாமியிடம் நிற்கிறாள். மாமிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவவுடைய சொல் உங்களுக்குக் குத்துகிறது, விளங்குகிறது. ஆனாலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள், அது அலுப்பில் வருகிற சொல்லாகவும் இருக்கலாம். முழங்கால் நோவோடு மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிற மனிசியின் அலுப்பு.

கிழமையில் நாலு நாள், பதினொன்றரையில் இருந்து மூன்று மணி வரை மகளைப் பார்க்க ஒருவருக்கு நாளுக்கு 500 ரூபாய் என்று வையுங்கள். கிழமைக்கு 2,000. அதை 20 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 100 ரூபாய். இவ்வளவு காலமும் அந்த நூறு ரூபாயை உங்கள் வாடிக்கையாளர்கள் தரவில்லை, உங்கள் மகளும் மாமியும் தந்திருக்கிறார்கள். விலையை 2,300 ஆக்குங்கள். வீட்டில் வறுத்த தூளின் மணம் தெரிந்த ஆட்கள் நூறு ரூபாய்க்காகக் கடைத் தூளுக்குப் போக மாட்டார்கள். இரண்டொருவர் போனால் போகட்டும். அந்தக் காசை மாமி பார்த்தால் மாமிக்கு, பக்கத்து வீட்டு அன்ரி பார்த்தால் அன்ரிக்கு மாதம் முடிய ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். மாமி வாங்க மாட்டா என்றால் அவவின் பெயரில் வங்கியில் போட்டு, புத்தகத்தை அவவின் கையில் கொடுங்கள். நானே செய்து பார்த்த காரியம் இது. என் மாமியும் முதல் மாதம் கவரை மேசையில் வைத்துவிட்டுப் போனா. மூன்றாம் மாதம், "பிள்ளை, இந்த மாதம் இன்னும் தரேல்லை" என்று கேட்டா. அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது.

நான் தையல்காரி. 1993 இல், மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் பிளவுஸ் தைத்தேன். மகன் ஏணையில். ஏணைக் கயிற்றின் நுனியை இடது கால் பெருவிரலில் கட்டி, வலது காலால் மெஷின் மிதிப்பேன். அவன் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டான். மெஷின் நின்றால் முழித்துவிடுவான். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் போனபோது, மெஷினின் தலையை மட்டும் கழற்றி இவருடைய சைக்கிள் கரியரில் கட்டினோம். மிதி பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், பிள்ளை தூக்கம் வராமல் கத்தும்போது, நூல் கோக்காத மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருப்பேன். தைக்கத் துணி இல்லை. சத்தம் மட்டும். அவன் தூங்கிவிடுவான். தாயின் தொழில் பிள்ளையைத் தாயிடம் இருந்து பிரித்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விறாந்தைதான் ஞாபகம் வரும். உங்கள் மகளுக்கும் வறுத்த மல்லியின் வாசம் அம்மாவின் வாசமாகத்தான் இருக்கும். அதனால் அழ வேண்டாம். ஆனால் கையைத் துடையுங்கள்.

உங்களைத் தின்கிறது தூள் வேலை இல்லை, தூள் வேலைக்கு நேரம் காலம் இல்லாததுதான். அலுவலகத்தில் வேலை செய்கிற தாய்க்குச் சட்டம் 84 நாள் பிரசவ விடுமுறை தருகிறது. 2018 இல் சட்டத்தைத் திருத்தி, மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாள் என்று ஆக்கினார்கள். சொந்தமாகத் தொழில் செய்கிற உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு தாள் இல்லை. எங்கள் தாளை நாங்கள்தான் எழுத வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணியோடு அந்தக் கிழமை ஓடர் முடிந்தது என்று வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே தரம் போடுங்கள். பிந்தி வருகிறவருக்கு அடுத்த கிழமை. திங்கள் காம்பு நுள்ளிக் காயவிடுங்கள். செவ்வாய், பிள்ளை முன்பள்ளியில் இருக்கும்போதே வறுத்து மில்லுக்குக் கொண்டுபோங்கள். திரித்த தூளைச் சுடச்சுடப் பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இரவு ஆறவிட்டு, புதன் பைக்கட். வியாழன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை.

அதைச் செய்ய வேண்டியது உங்கள் வீட்டுக்காரர். இரண்டு பக்கக் கடிதத்தில் அவர் ஒரு இடத்திலும் வரவில்லை, தங்கச்சி. வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, மகளை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ஒரு சுற்று வந்தால் பத்து வீட்டுக்குப் பைக்கட் போய்விடும். பிள்ளைக்கும் காற்று. "உதவி செய்யுங்கோ" என்று கேட்காதீர்கள். "வியாழக்கிழமை விநியோகம் உங்கட" என்று சொல்லுங்கள்.

கிரைண்டர் வேண்டாம். மூன்றரை வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் மிளகாய்த் தூசியைக் கொண்டுவராதீர்கள். அந்தத் தூசியை மில்காரர் மில்லிலேயே வைத்திருக்கட்டும். அதற்காக வாரக் கட்டுக் கடன் எடுப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படி வாரா வாரம் கட்டுகிற நுண்நிதிக் கடனில் பட்ட பாடு ஊரறிந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடரைத் தள்ளிப்போடலாம், கட்டுக் காசைத் தள்ளிப்போட முடியாது. படலையில் ஆள் வந்து நிற்கும்.

காசு சேர்ந்தால் வேறு இரண்டு விஷயத்துக்குப் போடுங்கள். ஒன்று, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். பையில் நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, விலாசம் எல்லாம் அடியுங்கள். இதில் தாய்மைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பதிவும் லேபிளும் இருந்தால் மூன்று நாலு கடைகள் மொத்தமாக எடுக்கும். முப்பது பேர் இரவில் அனுப்புகிற செய்தி, மூன்று கடைக்காரரின் பகல் நேரக் கோல் ஆகிவிடும். மற்றது, நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிற சனம் போகும்போது ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று கேட்கும். அதற்கு இரவு முழிக்காமல், கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை முன்பே காம்பு நுள்ள ஒரு பெண்ணை நாட்கூலிக்குப் பிடியுங்கள். ஏலாது என்றால் "இந்த வருடத் திருவிழாவுக்கு 40 கிலோவுக்கு மேல் இல்லை" என்று சொல்லுங்கள். சொல்லப் பழக வேண்டும். எனக்கு அது 40 வயதில்தான் வந்தது.

ஆறு கிழமைக்கு ஒரு கொப்பியில் மணிக்கணக்கை எழுதி வையுங்கள், போனில் பதில் சொன்ன நேரத்தையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: சாவகச்சேரியில் அழகுக்கலை நிலையம் வைத்திருக்கிறேன். மகனுக்கு நாலு மாதம். மணப்பெண் அலங்காரத்துக்கு விடியப்புறம் மூன்று மணிக்கே போக வேண்டும். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகலாமா? மா பாலுக்கு மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். எடுத்து வைக்கலாம். கையைக் கழுவி, அவித்தெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்று சொல்வது 25 பாகை வரையான சூட்டுக்கு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதை நம்பாமல் உடனே பிரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி வையுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் சூடாக்கக் கூடாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடு வந்ததும் சின்னக் கோப்பையாலோ கரண்டியாலோ பருக்கட்டும். மிஞ்சினதைத் திரும்ப வைக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் ஒரு தரம் செய்து காட்டச் சொல்லுங்கள், அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோப்பையால் பருக்கப்போவது அவதானே.

அப்புறம், ஒரு முகூர்த்த நாளுக்கு ஒரு மணப்பெண் மட்டும். இரண்டு இடத்துக்கு ஒத்துக்கொண்டால் நெஞ்சில் பால் கட்டி நீங்கள்தான் வேதனைப்படுவீர்கள். முடிந்தால் பிள்ளையையும் அம்மம்மாவையும் கூடவே கொண்டுபோங்கள். கல்யாண வீட்டில் ஒரு அறை தர மாட்டோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தலை பின்னி முடித்து, சேலை உடுத்த முன்னம் கால் மணி நேரம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். முற்பணம் வாங்கும்போதே அதையும் சொல்லி வையுங்கள்.