ரெஃபரலிலேயே நிரம்பிய டீமை மாற்றுவது எப்படி?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஒன்பது ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். மொத்தம் 38 பேர். பெண்கள் 6 பேர்தான். அதில் நான்கு பேர் டெஸ்டிங், இரண்டு பேர் எச்.ஆர். டெவலப்பர்களில் பெரும்பாலானோர் மூன்று கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். நாங்கள் யாரையும் ஒதுக்கியதில்லை, திறமையை மட்டுமே பார்க்கிறோம். இந்த ஆண்டு இன்னும் 20 பேரை எடுக்கப் போகிறோம். பல தரப்பினரும் இருக்கிற, எல்லோரும் நிம்மதியாக வேலை செய்கிற டீமாக இதை மாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு மணி நேர வேலை. 38 பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் எந்த வழியாக உள்ளே வந்தார் என்று எதிரில் குறியுங்கள். யார் சொல்லி வந்தார், கேம்பஸ் என்றால் எந்தக் கல்லூரி, விளம்பரம் பார்த்து வந்தவரா என்று. இருபது வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் அளவிலான நிறுவனங்களில் இதைச் செய்யச் சொன்னபோதெல்லாம், பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு எதிரில் 'நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார்' என்ற ஒரே கதைதான் வந்திருக்கிறது. அந்தப் பையன், அவனுடைய ரூம்மேட், ரூம்மேட்டின் ஜூனியர், ஜூனியரின் ஊர்க்காரர்.

யாரையும் ஒதுக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் இந்தச் சங்கிலிக்கு வெளியே இருப்பவருக்கு உங்களிடம் வேலை காலி இருப்பதே தெரியாது. நீங்கள் திறமையைப் பார்ப்பது அவர் எதிரில் வந்து உட்கார்ந்த பிறகுதானே? வந்து உட்காரவே வழியில்லை என்றால் அந்தத் திறமை உங்கள் கண்ணில் எப்படிப் படும்?

ரெஃபரலை, அதாவது தெரிந்தவர் சொல்லி ஆள் எடுப்பதை, நிறுத்தச் சொல்லவில்லை. அதில் நல்லவர்களும் வருகிறார்கள். அந்த 20 இடங்களையும் குறைந்தது இரண்டு வாரமாவது பொதுவில் அறிவியுங்கள். ரெஃபரலில் வருகிறவரும் அதே வரிசையில் நின்று அதே தேர்வை எழுதட்டும். ஃப்ரெஷர்களுக்கு இந்த ஆண்டு புதிதாக நான்கு கல்லூரிகளுக்குப் போங்கள். அதில் இரண்டு அரசு கலைக் கல்லூரிகளாக இருக்கட்டும். பி.சி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களைச் சேர்த்து ஆறு மாதம் பயிற்சி கொடுக்க உங்கள் சீனியர் ஒருவரை ஒதுக்க வேண்டியிருக்கும். செலவுதான், ஆனால் வீண் போகாது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்குத் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுப்பதை சோஹோ பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. பட்டத்தைத் தாண்டியும் ஆள் கிடைப்பார்கள் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் உதாரணம் அது.

விளம்பரத்தில் ஒரு வரியை மட்டும் தேடிப் பாருங்கள். 'வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது' என்று இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குழந்தைக்காகவோ பெற்றோரைக் கவனிக்கவோ இரண்டு வருடம் வீட்டில் இருந்த நல்ல டெவலப்பர்களை அந்த ஒரு வரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

அப்புறம் இன்டர்வியூ. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுக்தேவ் தோரட், பால் அட்வெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. 'நம்ம ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே' என்று நமக்குத் தோன்றும். உண்மைதான், போடுவதில்லை. அதனால்தான் இங்கே இன்டர்வியூ அறைக்குள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

ஒரு நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் வெளி ஆளாக நானும் உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் பக்கத்துப் பையன், வீட்டில் முதல் பட்டதாரி. போர்டில் இரண்டு டேட்டாபேஸ் டேபிள்களை வரைந்து, அவற்றை இணைக்கும் ஜாயின் எப்படி வேலை செய்கிறது என்று கையில் மார்க்கருடன் அழகாக விளக்கிக்கொண்டிருந்தான். குழுவில் ஒருவர் சாதாரணமாகக் கேட்பது போல, 'விழுப்புரத்துல எங்கப்பா?' என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னான். 'ஊருக்குள்ளயா, வெளியிலயா?' அடுத்து, 'அப்பா என்ன பண்றார்?' பையன் மார்க்கரை மூடி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தைதான் பதில். மதிப்பெண் தாளில் அவர் எழுதியது: 'கம்யூனிகேஷன் போதாது.' அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். குழு முடிந்த பிறகுதான் பேசினேன். அதற்குள் பையன் பஸ் ஏறிவிட்டான்.

அதனால் உங்கள் குழுவுக்குக் கேள்விகளை எழுதியே கொடுங்கள். ஒரு பதவிக்கு வருகிற எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. குழுவில் ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் கலந்து பேச வேண்டும். சீனியர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஊர், அப்பாவின் தொழில், கல்யாணம், குழந்தை பற்றி யாரும் கேட்கக் கூடாது. இதைச் சும்மா வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். மீறினால் அவர் அடுத்த குழுவில் இல்லை என்று எழுத்தில் இருக்கட்டும்.

இங்கிலீஷ் விஷயமும் அப்படித்தான். லாஜிக்கைத் தமிழில் விளக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரிடம் தினமும் பேச வேண்டிய பதவிக்கு மட்டும் பேச்சு இங்கிலீஷைத் தனியாகச் சோதித்தால் போதும். மற்றவர்கள் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள்.

ரெஸ்யூமேயை சாஃப்ட்வேர் வடிகட்டட்டும், அதற்கு ஏது பாரபட்சம் என்று யாராவது யோசனை சொன்னால் நிதானமாக இருங்கள். அமேசான் இப்படி ஒன்றைச் சொந்தமாக உருவாக்கிப் பார்த்தது. பத்து வருட விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. பெண்களுக்கான அமைப்பு எதன் பெயராவது ரெஸ்யூமேயில் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க அது தானாகக் கற்றுக்கொண்டது. கடைசியில் கைவிட்டார்கள், 2018-ல் ராய்ட்டர்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. உங்கள் பழைய ஒன்பது வருடத்தை வைத்துப் பழக்கினாலும் இதுதான் நடக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு எளிய சோதனை. உங்கள் ஆன்லைன் தேர்வை மௌஸைக் கழற்றிவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள். பாதியில் சிக்கிக்கொண்டால், என்.வி.டி.ஏ. போன்ற திரை வாசிப்பானை வைத்து வேலை செய்யும் பார்வையற்ற டெவலப்பரும் அங்கேயேதான் சிக்குவார். அவருடைய கோடிங்கை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 10 பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம்: தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்களிடம் இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையில் அவர்களுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியலையும் சேர்க்க வேண்டும். 38-உடன் 20 சேர்ந்தால் 58. 50-ஐ எட்டும்போதே குழந்தைகள் காப்பக வசதியும் சட்டப்படி கட்டாயமாகிவிடும். அதே கட்டடத்தில் இருக்கும் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்த முடியுமா என்று இப்போதே பேச ஆரம்பியுங்கள்.

சரி, புதியவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் இருப்பார்களா?

ஒரு டெவலப்பர் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பினார். நான் ஆலோசகராகப் போய்வந்த இடம் அது. மூன்று வருடம் அவர் கட்டிய பேமென்ட் மாட்யூல் வேறொருவர் கையில் இருந்தது. 'இப்போதைக்கு சப்போர்ட் டிக்கெட் பாருங்க, உங்களுக்கும் ஈஸியா இருக்கும்' என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. நான்காவது மாதம் ராஜினாமா செய்தார். படிவத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினார், அதை அப்படியே ஃபைல் செய்தார்கள். விடுப்பில் போகும் முன்பே, திரும்பி வந்ததும் எந்த வேலை அவருடையது என்று மெயிலில் எழுதிக் கொடுங்கள். அந்த வருட அப்ரைசலை அவர் வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்துப் போடுங்கள்.

தினசரி மீட்டிங் மாலை ஏழு மணிக்கு நடந்தால் காலைக்கு மாற்றுங்கள். அன்னூருக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் பிடிக்கிறவர்கள் உங்களிடம் இருப்பார்கள். ப்ரொடக்‌ஷன் ரிலீஸ், வாடிக்கையாளர் டெமோ யார் கைக்குப் போகிறது, மீட்டிங் குறிப்பு எடுப்பதும் பிறந்தநாள் கேக்குக்குக் காசு வசூலிப்பதும் யார் தலையில் விழுகிறது என்று மூன்று மாதம் கவனித்துப் பாருங்கள். புதிய பெண் டெவலப்பர்களை டீமுக்கு ஒருவராகப் பிரித்துப் போடாதீர்கள். ஒரே டீமில் இரண்டு மூன்று பேராக இருந்தால்தான் ஒருவர் எழுதிய கோடை மற்றவர்கள் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் எதிர்க் கேள்வி கேட்கும் தைரியம் வரும். தேர்வைச் சுலபமாக்கவும் வேண்டாம். சுலபமாக்கினால் 'சும்மா எடுத்தது' என்ற பேச்சு அவர்களை விடாமல் துரத்தும்.

இந்த 20 இடத்துக்கு விளம்பரம் போடும் முன்னால், டெஸ்டிங்கில் இருக்கும் அந்த நான்கு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். டெஸ்டிங் நீங்களாகக் கேட்டு வாங்கியதா, சேர்ந்த அன்று கொடுத்ததா என்று கேளுங்கள். கொடுத்தது என்று யாராவது சொன்னால், டெவலப்பர் தேர்வை முதலில் எழுதும் வாய்ப்பு அவருக்கு.