பின் சீட்டுக் கேள்விகள், பட்டறைக்காரர் பதில்கள்

போன இதழில் "ரெண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி இழுக்கவில்லை" என்ற கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் 32 வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், செயின் சத்தம் கேட்பார்கள். சீட் கவர் கிழிந்தால் ஒழிய பின் சீட்டைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

அண்ணா, கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. தனியாகப் போகும்போது நன்றாக ஓடும் என் 100 சிசி வண்டி, மனைவி ஏறினால் தள்ளாடுகிறது. சந்தைக் கூட்டத்தில் மெதுவாகப் போகும்போது ரொம்ப மோசம். பிரேக்கும் பிடிக்காத மாதிரி இருக்கிறது. "ஆடாமல் உட்கார்" என்றால் கோபித்துக்கொள்கிறாள். என்ன செய்வது? (வாசகர், காரிமங்கலம்)

கோபம் வரத்தான் செய்யும், தம்பி. ஆடுவது அந்தப் பிள்ளை இல்லை, உங்கள் வண்டி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி சுமார் 110 கிலோ. நீங்கள் ஒரு 65 என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 55 கிலோ ஏறினால் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதுவும் நடுவில் ஏறுவதில்லை, பின் சக்கரத்துக்கு நேர் மேலே, உயரத்தில் போய் உட்காருகிறது. முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் கையில் மிதக்கிற மாதிரி தோன்றும். பிரேக் பழைய பிரேக்தான், நிறுத்த வேண்டிய எடைதான் கூடியிருக்கிறது.

முதலில் காற்று. பங்க்கில் பையன் "எவ்ளோண்ணா?" என்று கேட்டால் எல்லோரும் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்கிறோம். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். பின் டயருக்குத் தனியாள் என்றால் ஒரு அளவு, இருவர் என்றால் வேறு அளவு போட்டிருப்பார்கள். 100 சிசி வண்டிகள் சிலவற்றில் இரண்டுக்கும் 10 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் உண்டு. தள்ளாட்டம் என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பாதி, காற்று அடித்ததுமே சரியாகிப் போய்விடும். நான் காசு வாங்க முடியாத வேலை அது.

அடுத்து பின்பக்க ஷாக் அப்சார்பர். அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும், பெரும்பாலும் 5 படி. ஷோரூமிலிருந்து வந்த படியிலேயே காலத்துக்கும் கிடக்கும். ஒரு படியோ ரெண்டு படியோ ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று வைத்துக்கொண்டு ஒருத்தர் ஒரு வருடம் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறமும் ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் அசையும் இடத்தில் இருக்கும் புஷ், முன்னால் ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தேய்ந்த புஷ் தனியாள் எடையில் காட்டிக்கொடுக்காது, ரெண்டாவது ஆள் ஏறினால்தான் பல்லைக் காட்டும்.

சந்தைக் கூட்டத்தில் மெதுவாகப் போகும்போது கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திறந்தே வைத்து, பின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்துக்கொண்டே போங்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்தடி தள்ளி இருக்கட்டும்.

வண்டிப் பாடம் இவ்வளவுதான். இனி என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி இடது மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கிளட்ச் பிடிக்கிற கை. தினமும் மகன்தான் வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். எனக்கு விவரம் தெரிந்து நான் பின் சீட்டில் உட்கார்ந்ததே அப்போதுதான். முதல் நாள் பட்டறையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம். அவன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டியது. எண்ணிக்கொண்டே வந்தேன், 14 டொக். ஸ்பீடு பிரேக்கர் வருவது எனக்குத் தெரியாது, அவன் முதுகுதான் தெரியும். திடீரென்று ஆகாயத்தில் இருப்பேன். வீட்டுக்கு வந்து மகனைத் திட்டினேன். என் மனைவி உள்ளேயிருந்து நிதானமாகச் சொன்னாள்: "உங்ககிட்ட பார்த்துத்தானே கத்துக்கிட்டான்? இருபத்தேழு வருஷமா நானும் சொல்றேன்."

அவள் சொல்லியிருக்கிறாள்தான். எனக்குக் காற்றுச் சத்தத்தில் கேட்டதில்லை.

டொக் வருவதற்குக் காரணம் கடைசி நேரத்தில் பிரேக் பிடிப்பது. தூரத்திலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டு, முன் பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதலில் லேசாக, அப்புறம் அழுத்தி, நிற்கும் நேரத்தில் கொஞ்சம் தளர்த்தினால் முட்டாது. கியர் மாற்றும்போது கிளட்சைப் படக்கென்று விடக் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசி-க்குக் கீழான வண்டி என்றால் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அதற்காக முன் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் "மேடு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி வரை ஒருமுறை ஓட்டிவிட்டு, எத்தனை டொக் என்று மனைவியைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு இப்போது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதையும் என் மனைவி எண்ணிச் சொல்லிவிடுகிறாள்.

ஐயா, ஆடி 18-க்கு ஒகேனக்கல் போனோம். நான் சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவேன். மலைப்பாதை வளைவுகளில் நான் எதிர்ப்பக்கம் சாய்கிறேன், அதனால்தான் வண்டி ரோட்டின் வெளியே இழுக்கிறது என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் திட்டினார். என் மேல்தான் தப்பா? (வாசகி, பென்னாகரம்)

அவர் சொன்னது உண்மை. ஆனால் திட்டியதுதான் தப்பு, அம்மா.

நீங்கள் இடப்பக்கம் பார்த்து உட்காருகிறீர்கள். இடது வளைவில் வண்டி இடப்பக்கம் சாயும்போது ரோடு உங்கள் முகத்துக்கு நேரே எழும்பி வருகிற மாதிரி இருக்கும். யாராக இருந்தாலும் உடம்பு தானாகப் பின்னால் போகும். உங்களுக்குப் பின்னால் என்றால் வண்டிக்கு வலப்பக்கம், அதாவது சாய்வுக்கு நேர் எதிர். முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் அவருக்கு இந்தப் பயம் கிடையாது. அதனால் புரியாது. ஒருநாள் அவரை வேட்டியோடு ஒருபக்கமாக உட்கார வைத்து அந்த வளைவுகளில் யாரையாவது வண்டியை இறக்கச் சொல்லுங்கள்.

வலது கையால் அவர் தோளைப் பிடிக்காதீர்கள். தோளை அழுத்தினால் அது ஹேண்டிலுக்குப் போய் வண்டி திரும்பும். இடுப்பைப் பிடியுங்கள். இடது கை பின்னால் இருக்கும் கம்பியில். இரண்டு காலும் கால்மிதியில் ஊன்றியிருக்க வேண்டும், செருப்பு நுனியில் தொங்கக் கூடாது. வளைவு வரும்போது தலையை மட்டும் திருப்பி அவர் போகிற திசையில் ரோட்டைப் பாருங்கள். கீழே பார்த்தால்தான் உடம்பு பயப்படும். மற்ற நேரம் எப்படி வேண்டுமானாலும் இருங்கள், வளைவில் மட்டும் கட்டிவைத்த அரிசி மூட்டை மாதிரி வண்டியோடு போங்கள். அவர் செய்ய வேண்டியது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பது. உள்ளே போனபின் பிரேக் பிடித்தால் நீங்கள் அவர் மேல் சரிவீர்கள்.

முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்போக்கில் சுற்றிய சேலையை என் கையால் கத்தரித்து எடுத்திருக்கிறேன். கறுத்துப்போன கிரீஸ், அதன் நடுவே ஜரிகை. அந்த அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போனது. பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால்மிதி மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அந்தச் சாரி கார்டைத்தான் நம் பையன்கள் "லுக் போகுது" என்று முதல் வாரமே கழற்றிவிடுகிறார்கள். என் பட்டறையில் கழற்ற மாட்டேன். வேறு பட்டறைக்குப் போகிறார்கள், போகட்டும்.

மலைப்பாதைக்கு மட்டும் சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட முடியுமானால் அதற்கு ஈடு வேறில்லை. வலது காலைச் சைலன்சரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலேஜுக்கு பஸ் கிடைப்பதில்லை. நண்பர்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் போகிறோம். மூவருமே ஒல்லிதான். (மாணவர், அரூர்)

எடை பார்த்துச் சட்டம் எழுதவில்லை, தம்பி. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான். மீறினால் 1,000 ரூபாய், லைசென்ஸ் மூன்று மாதம் போகும். மூன்றாவது ஆள் உட்காருவது சீட்டில் இல்லை, வெறும் கம்பியில். முறை வைத்துக்கொண்டு ஒருவர் ஒருவராக பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.

மூன்று வயது மகளை டேங்க் மேல் உட்கார வைத்துத்தான் ஓட்டுகிறேன். என் கைகளுக்குள் இருப்பதால் அதுதான் பத்திரம் என்று நினைக்கிறேன். சரியா? (வாசகர், கிருஷ்ணகிரி)

நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் கூட்டிப்போனேன். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. திடீரென்று பிரேக் பிடித்தால் குழந்தைக்கும் ஹேண்டில் கம்பிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்து உங்கள் எடை முழுக்கக் குழந்தை மேல் வந்து அழுத்தும். நீங்கள் நினைக்கிற பாதுகாப்பு வளையமே அங்கே இடிக்கும் சுவராகிவிடும்.

உடன் வருகிறவர் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் 128-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்கு 2023 பிப்ரவரியிலிருந்து தனி விதி. குழந்தையை உங்கள் உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் பெல்ட், தலைக்குச் சரியான அளவில் ஹெல்மெட், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. நாலு வயது தாண்டினால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். உங்கள் பழைய ஹெல்மெட்டுக்குள் துண்டைச் சுருட்டி வைத்துப் போடாதீர்கள், ரோட்டில் உருண்டால் முதலில் கழன்று ஓடுவது அதுதான். தூங்கி விழுகிற நேரத்தில் கூட்டிப்போகவே வேண்டாம்.

அம்மாவை மாதம் ஒருமுறை பாலக்கோட்டிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கூட்டிப்போகிறேன். தொப்பூர் இறக்கத்தில் அம்மா முழுக்க என் மேல் சாய்ந்துவிடுகிறார், கை வலிக்கிறது. நியூட்ரலில் விட்டால் வண்டி அலுங்காமல் போகிறது. அப்படிச் செய்யலாமா? (வாசகர், பாலக்கோடு)

கூடவே கூடாது. தொப்பூரில் லாரிகள் ஏன் கவிழ்கின்றன? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும் அதற்கு ஒரு காரணம். எஞ்சின் பிடிப்பு போய்விட்டால் பாரம் முழுக்க பிரேக் மேல் விழுகிறது, அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. உங்கள் டிரம் பிரேக்குக்கும் அதே கதைதான், அளவுதான் சின்னது.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது கியர், செங்குத்தான இடத்தில் இரண்டாவது. எஞ்சின் உறுமும், உறுமட்டும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டால் அம்மாவின் எடை உங்கள் தொடைக்குப் போகும், மணிக்கட்டுக்குப் போகாது. இடது ஓரமாகவே போங்கள். லாரிக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். பிரேக் கருகிய வாசனை வந்தால் அந்த லாரியை விட்டு விலகி ஓரம் கட்டுங்கள். இரட்டைப் பாலம் பக்கம் ஓவர்டேக் என்ற பேச்சே வேண்டாம்.

என்னைக் கேட்டால் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வழிக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். உடம்புக்கு முடியாத அம்மாவுக்கு அது அதிகம். தருமபுரி வரை பைக்கில் வந்து, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு சேலம் பஸ் ஏறுங்கள். அம்மாவுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுங்கள்.

ரெண்டு பேர் வசதியாகப் போக எந்த வண்டி வாங்கலாம்? (வாசகர், ஊத்தங்கரை)

பெயர் சொல்ல மாட்டேன், பத்திரிகைக்காரர்களும் போட மாட்டார்கள். பின்னால் உட்காரப் போகிறவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். ஸ்டாண்டு போட்ட வண்டியில், நீங்கள் முன்னால், அவர் பின்னால், ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, பிடிக்கக் கம்பி இருக்கிறதா, சீட் முன்பக்கம் சரிகிறதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். விற்பனைப் பையன்கள் சிரிப்பார்கள். கையில் மாவுக்கட்டு பிரித்த பிறகு நான் என் மனைவியை அப்படித்தான் கூட்டிப்போனேன். முதல் வண்டியில் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டாள். இரண்டாவதில் "ஜாரு பலகை மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாவதில் உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை, அங்கேயே கைப்பையைத் திறந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அதைத்தான் வாங்கினோம். மைலேஜ் கொஞ்சம் கம்மிதான்.