அந்த ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் தம்பி போன மாதம் ஒரு வீட்டு செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துவிட்டான். மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் மூன்று லட்சம் தருகிறேன், ‘இனி எந்தப் பிரச்னையும் செய்ய மாட்டோம்’ என்று எழுதிக்கொடு என்கிறார். ஊர்ப் பெரியவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். மேலே போனால், ‘தம்பி உசுரை வெச்சு காசு பாக்குறியா’ என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். தம்பி மனைவியையும் போட விடாதீர்கள்.

இந்த மாதிரிப் பத்திரங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: ‘இறந்தவர் யாரும் சொல்லாமல், தன் சொந்த விருப்பத்தின் பேரில் தொட்டிக்குள் இறங்கினார்.’ அந்த ஒரு வரிக்குத்தான் மூன்று லட்சம். தம்பியின் உயிருக்கு விலை பேசுவது அந்தப் பத்திரத்தை நீட்டுகிறவர், நீங்கள் அல்ல. சொந்தக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியை ஆள் மாற்றிக் கேட்கிறார்கள்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதே குற்றம் என்கிறது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘அவனாகத்தான் இறங்கினான்’ என்று சொல்லிக் கூலி கொடுத்தவர் தப்பிக்கக் கூடாது. மூடிக்கிடந்த தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் முதலில் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் தெரியவில்லையே என்று நினைக்கும்போதே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். உங்கள் தம்பியின் கவனக்குறைவு என்று எவராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் அரசு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல, அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது. மூன்று லட்சம் அதில் பத்தில் ஒரு பங்கு.

‘தனியார் வீடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று அரசு அலுவலகத்தில் கைகழுவப் பார்ப்பார்கள். நம்பாதீர்கள். மும்பை கோவண்டியில் 2019 டிசம்பரில் தனியார் குடியிருப்பு ஒன்றின் தொட்டியில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்களுடைய மனைவிமார்தான் வழக்குப் போட்டார்கள். அரசு முதலில் ஆளுக்கு 10 லட்சத்தைக் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பானவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

தள்ளிப்போட உங்களுக்கு நேரமில்லை. 2013 சட்டப்படியான குற்றத்துக்குச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ‘பேசிக்கிட்டே இருக்கோம்’ என்று பஞ்சாயத்தை இழுத்தடிப்பது இதற்காகவும் இருக்கலாம்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் படியுங்கள். வெறும் சந்தேக மரணம் என்று பதிந்திருந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த பிரிவையும் 2013 சட்டத்தையும் சேர்க்கச் சொல்லி எஸ்.பி.க்கு எழுத்தில் மனு கொடுங்கள். நீங்கள் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேளுங்கள். அதில் தனி நிவாரணம் உண்டு. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

ஏற்கெனவே மிரட்டி எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்படாதீர்கள். கிரிமினல் வழக்கை அமுக்குவதற்காக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. வக்கீலிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் தம்பி மனைவியையும் அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். மனு அவர் பெயரில் இருக்கட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.