கப் கணக்கும் நாக்குக் கணக்கும்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். ஒன்று தித்திப்பு தூக்கல், இல்லையென்றால் சப். சரி, இந்த இதழ் முழுக்கச் சர்க்கரைக்கே ஒதுக்கிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி: ரெசிபியில் "பொடித்த சர்க்கரை 1 கப்" என்று இருந்தது. நான் ஒரு கப் சர்க்கரையை அளந்து, மிக்ஸியில் அடித்து, அப்படியே கேக்கில் போட்டேன். திகட்டத் திகட்ட இனித்தது, நடுவில் பள்ளமும் விழுந்துவிட்டது. ரெசிபி தப்பா, நான் தப்பா?

ரெசிபி தப்பில்லை. நீங்கள் செய்ததும் ஊரெல்லாம் செய்கிற தப்புதான். அளந்து பொடிப்பதும் பொடித்து அளப்பதும் வேறு வேறு கணக்கு. 240 மில்லி கப்பில் சாதாரணச் சர்க்கரையைத் தலைதட்டி அளந்தால் சுமார் 200 கிராம் நிற்கும். அதே கப்பில் பொடித்த சர்க்கரை 120 கிராம்தான் பிடிக்கும், ஏனென்றால் பொடிக்கு நடுவே காற்று புகுந்து உப்பிக் கிடக்கும். ஆக, 120 கிராம் விழவேண்டிய இடத்தில் உங்கள் கேக்கில் 200 கிராம் விழுந்திருக்கிறது. திகட்டாமல் என்ன செய்யும்?

பள்ளத்துக்கும் அதே 80 கிராம்தான் காரணம். மாவில் இருக்கும் ஸ்டார்ச்சும் முட்டையும் ஒரு சூட்டில் இறுகினால்தான் கேக் உப்பிய இடத்தில் அப்படியே நிற்கும். சர்க்கரை கூடக் கூட அந்த இறுகும் சூடு மேலே போய்க்கொண்டே இருக்கும். கேக் பொங்கி மேலே வந்துவிடும், ஆனால் தாங்கிப் பிடிக்க உள்ளே எதுவும் இறுகியிருக்காது, அதனால் பொத்தென்று அமுங்கிவிடும். மேல்பகுதி பிசுபிசுவென்று, ஓரம் கருத்து, நடுவில் குழி விழுந்திருந்தால் முதலில் சர்க்கரையைச் சந்தேகப்படுங்கள். பேக்கிங் பவுடர் அதிகமானாலும், வேகும் முன்பே கதவைத் திறந்தாலும் குழி விழும்தான், ஆனால் உங்கள் விஷயத்தில் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

அப்புறம், கப் என்றாலே ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். சில இடத்தில் 240 மில்லி, சில இடத்தில் 250. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலிய ரெசிபி என்றால் 20 மில்லி. நானே ரொம்ப நாள் காபி குடிக்கிற மக்கைத்தான் "கப்" என்று வைத்திருந்தேன். ஒருநாள் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தால் 310 மில்லி! அதுவரை நான் செய்த கேக்கையெல்லாம் பேசாமல் சாப்பிட்டவர்களை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டால் இந்த வம்பே கிடையாது.

கேள்வி: இனிப்பைக் குறைக்கலாம் என்று கேக்கில் சர்க்கரையைச் சரிபாதியாக்கினேன். வெளுத்துப்போய், வறண்ட ரொட்டி மாதிரி வந்தது. சர்க்கரையைக் குறைக்கவே கூடாதா அக்கா?

தாராளமாகக் குறைக்கலாம், ஆனால் ஒரே அடியாக வெட்டக் கூடாது. பேக்கிங்கில் சர்க்கரை செய்யும் வேலைகளில் இனிப்பு ஒன்றே ஒன்றுதான். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அந்தப் படிகங்களின் கூர்முனைதான் வெண்ணெயைக் கிழித்துக் குட்டிக் குட்டிக் காற்றறைகளை உண்டாக்குகிறது, கேக் லேசாக வருவதற்கு ஆரம்பமே அதுதான். அடுத்து, மாவுக்குப் போகவேண்டிய தண்ணீரில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் குளூட்டன் என்கிற மாவின் புரதம் முறுக்கேறாது, கடித்தால் மெத்தென்று இருக்கும். இழுத்த ஈரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் மறுநாளும் காயாது. அந்தப் பொன்னிறத்தில்கூடச் சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. பாதியை எடுத்தீர்கள், இத்தனை வேலைக்காரர்களும் பாதி ஆகிவிட்டார்கள்.

நான் செய்வது இப்படி. மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை நான்கும் சம எடையில் போகிற கேக் என்றால், ஒவ்வொன்றும் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரையை மட்டும் முதல் தடவை 175 கிராம் போடுவேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அடுத்த தடவை 150. கால் பங்கு குறைந்தும் கேக் கேக்காகத்தான் இருக்கும். அதற்குக் கீழே போகவேண்டும் என்றால் ஈரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். குறைத்த கேக் நிறம் மாற நேரம் எடுக்கும், நிறத்துக்காகக் காத்திருந்தீர்கள் என்றால் உள்ளே காய்ந்துவிடும், அதனால் குச்சி குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நாக்கை லேசாக ஏமாற்றலாம். வெனிலா, பட்டை இரண்டுமே இனிப்பு இருக்கிற மாதிரி ஒரு நினைப்பைக் கொடுக்கும், ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். சாக்லேட் கேக்கில் மட்டும் பார்த்துக் குறையுங்கள், கோகோவின் கசப்பு உடனே தலையைத் தூக்கும். 70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராம் போட்டால் அதிலேயே கிட்டத்தட்ட 30 கிராம் சர்க்கரை வந்துவிடும், மில்க் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். இதையெல்லாம் கூட்டாமல் ரெசிபியில் "சர்க்கரை" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்றே புரியாது. கண்டென்ஸ்டு மில்க்கும் அப்படித்தான், டின்னில் பாதிக்கு மேல் இனிப்புதான்.

கேள்வி: பிஸ்கட் பரவாமல் உருண்டையாகவே நிற்கிறது.

சர்க்கரையைக் குறைத்திருப்பீர்கள், அல்லது மாவு கூடியிருக்கும். சூட்டில் சர்க்கரை உருகித் திரவமாகிறது, பிஸ்கட் தட்டையாகப் பரவுவது அதனால்தான். மொறுமொறுப்பும் அதிலிருந்துதான் வருகிறது. குறைத்தே தீருவேன் என்றால் தட்டில் வைக்கும்போதே விரலால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினேன். கேக் அடியில் கருகி, உள்ளே கொழகொழ. தேன் நல்லதுதானே?

நல்லதா என்பதை அப்புறம் பேசுவோம். தேனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் உள்ளே கொழகொழதான். ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் போதும், ரெசிபியில் உள்ள பால் அல்லது தண்ணீரில் 3 மேசைக்கரண்டி குறைத்துவிடுங்கள். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் என்கிற சர்க்கரை சீக்கிரம் கருகும் ரகம், ஆகவே ஓவன் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் இறக்கி வையுங்கள், மேலே சிவந்துவிட்டால் ஃபாயிலால் மூடிவிடுங்கள். தேன் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் சரியாகிவிடும்.

நல்லதுதானே என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் சர்க்கரையோடு ஒரே கூடையில்தான் போட்டிருக்கிறது. ஒரு நாள் உணவின் மொத்தச் சக்தியில் இந்த வகைச் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5க்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், ஏறக்குறைய 12 டீஸ்பூன். வாசனைக்காகத் தேன் சேருங்கள், எனக்கும் பிடிக்கும், ஆரோக்கியம் என்ற பெயரில் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதுவும் கொடுக்கவே கூடாது.

கேள்வி: ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை சாப்பாடு என்றார்கள். சீக்கிரம் பொங்கட்டும் என்று அரை கிலோ மைதாவுக்கு 100 கிராம் போட்டேன். மூன்று மணி நேரமாகியும் மாவு அசையவில்லை.

சாப்பாடுதான், ஆனால் நீங்கள் விருந்துக்குக் கூப்பிட்டு மூச்சுத் திணற வைத்துவிட்டீர்கள். சர்க்கரை அதிகமானால் ஈஸ்ட்டிடம் இருக்கும் தண்ணீரையே உறிஞ்சிவிடும். மாவின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண ஈஸ்ட் மந்தமாகிவிடும், உங்கள் மாவுக்கு அந்த எல்லை 50 கிராம். சும்மா ரொட்டிக்கு 1 டீஸ்பூன் போதும், அதுகூட இல்லாமல் மாவில் உள்ள ஸ்டார்ச்சிலிருந்தே ஈஸ்ட் தன் தீனியைத் தேடிக்கொள்ளும். இனிப்பு பன்தான் வேண்டும் என்றால் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி, பொறுமையாக விடுங்கள், இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட்டும் விற்கிறது. இந்த மாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நேரம் கொடுத்தால் மெதுவாக எழுந்து வரும்.

கேள்வி: தக்காளி கிரேவி புளிக்கிறது என்று சர்க்கரை போட்டேன், பாயசம் மாதிரி ஆகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. முதலில் ஒரு விஷயம்: சர்க்கரை புளிப்பை எடுக்காது, நாக்குக்குத் தெரியாமல் மறைக்க மட்டுமே செய்யும். அதனால் புளிப்பு போகும் வரை போட்டுக்கொண்டே இருந்தால் புளிப்பும் இருக்கும், இனிப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கால் டீஸ்பூன் போட்டு, கலக்கி, ஒரு நிமிடம் கொதித்ததும் கரண்டியில் எடுத்து ஊதி, ஆறவைத்து ருசி பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் நாக்கு சுடுவதைத்தான் பார்க்குமே தவிர ருசியைப் பார்க்காது. நிஜமாகவே புளிப்பைக் குறைக்கவேண்டும் என்றால் ஒரே ஒரு சிட்டிகை சமையல் சோடா, நுரைத்து அடங்கும், அதற்குமேல் போட்டால் சோப்பு வாடை வரும். எனக்குப் பிடித்த வழி, வெங்காயத்தைச் சிறு தீயில் அரை மணி நேரம் பொறுமையாக வதக்குவது. அந்த இனிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது.

ஏற்கெனவே இனித்துவிட்ட கிரேவிக்கு: எலுமிச்சைச் சாறு சில சொட்டு, பிறகு உப்பு, பிறகு காரம், அந்த வரிசையில். மூன்றுக்கும் மசியவில்லை என்றால் சர்க்கரை போடாத இன்னொரு பங்கு தக்காளியை வதக்கி இதோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு நாளைக்கு அதே கிரேவிதான், வேறு வழியில்லை.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குச் "சர்க்கரை" இருக்கிறது. மாற்றுச் சர்க்கரையில் கேக் செய்யலாமா?

எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், நான் அடுப்புப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்டீவியா மாதிரியானவை சர்க்கரையைப் போல 200 மடங்குக்கு மேல் இனிப்பவை, அதனால் சிட்டிகைதான் தேவைப்படும், 150 கிராம் சர்க்கரை அடைத்திருந்த இடம் காலி. கேக் சின்னதாக, அடர்த்தியாக வரும். அஸ்பார்டேம் நீண்ட நேரச் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும், ஓவனுக்கு ஆகாது. எரித்ரிட்டால் இடத்தை அடைக்கும், ஆனால் இனிப்பு சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்குதான், நாக்கில் புதினா போல ஒரு ஜில்லிப்பும் தங்கும், சரியாகப் பழுப்பேறாது. மாவிலும் மாவுச்சத்து இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். சர்க்கரை போடாத கேக் என்பதற்காக இரண்டு துண்டு கூடத் தின்னலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

கேள்வி: ஜாமில் பாதிச் சர்க்கரை போட்டேன். தண்ணியாக இருந்தது, பத்தே நாளில் பூசணம்.

ஜாமில் கை வைக்காதீர்கள் என்றே சொல்வேன். பழத்தில் உள்ள பெக்டின் இறுகுவதற்குச் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே வேண்டும். கெடாமல் இருப்பதும் சர்க்கரையால்தான், தண்ணீரையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொண்டால்தான் பூஞ்சைக்கு எதுவும் மிஞ்சாது. காய்ச்சி முடிக்கும்போது ஜாமில் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை நிற்க வேண்டும், வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸில் இறக்கலாம். இனிப்பு கம்மியாகத்தான் வேண்டும் என்றால், குறைந்த சர்க்கரைக்கென்றே விற்கிற பெக்டினை வாங்கிச் சின்ன பாட்டிலாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பூசணம் பிடித்ததை மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஐஸ்கிரீம் கலவை சரியான இனிப்பில்தான் இருந்தது. உறைந்த பிறகு சப்பென்று ஆனது, கல் மாதிரியும் இருக்கிறது.

குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். கலவையை ருசி பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. கல்லானதும் சர்க்கரை போதாமல்தான், அது இருந்தால் தண்ணீர் முழுக்க உறையாது, கரண்டி இறங்கும்.

கேள்வி: பழுப்புச் சர்க்கரை பாறையாகிவிட்டது. எப்படி அளப்பது?

ஒரு துண்டு ரொட்டியை அதே டப்பாவில் போட்டு இறுக மூடி ஒரு ராத்திரி வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகிவிடும். கப்பில் அளந்தால் கரண்டியால் அமுக்கி அமுக்கி நிரப்ப வேண்டும், இந்தச் சர்க்கரைக்கு ரெசிபிக்காரர்கள் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அவசரம் என்றால் ஈரத்துணியால் மூடி மைக்ரோவேவில் 20 வினாடி வைத்து எடுத்து உடனே உதிர்த்துவிடுங்கள், ஆறிவிட்டால் மறுபடியும் பாறைதான்.