குரல் சன்னமாக இருந்தால் உஸ்தாத் ஆக முடியாதா?

கேள்வி: ஐயா, நான் ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட்டில் நாயக் ரேங்க்கில் இருக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் நீலகிரியில் உள்ள வெலிங்டன் பயிற்சி சென்டருக்கு உஸ்தாதாக, அதாவது இன்ஸ்ட்ரக்டராகப் போகிறேன். என் குரல் சன்னம். யாரையும் அதட்டிப் பழக்கமில்லை. "நாலு தட்டு தட்டாமல் ரங்ரூட் (புதிதாகச் சேர்ந்த பையன்) வழிக்கு வரமாட்டான்" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். இந்த வேலை எனக்குச் சரிப்படுமா?

பதில்: தம்பி, முதலில் குரல் விஷயத்தை முடித்துவிடுவோம். 'சாவ்...தான்' (விறைத்து நில்) என்ற ஆர்டரைச் சொல்லிப் பாருங்கள். முதல் பாதியை இழுக்கிறோம், கொஞ்சம் நிறுத்துகிறோம், அப்புறம் 'தான்' வெட்டென்று விழுகிறது. இழுக்கும்போதே பையன் உடம்பைத் தயார் செய்துகொள்கிறான். அந்த இடைவெளி சரியாக விழுந்தால் சன்னக் குரலுக்கும் நாற்பது பூட்ஸ் ஒன்றாகத் தரையில் இறங்கும். தொண்டையால் கத்தாதீர்கள், அடிவயிற்றிலிருந்து எடுங்கள். தினமும் விடியற்காலை காலி கிரவுண்டில் பத்து நிமிடம் பழகினால் மூன்று மாதம் தாராளம்.

கை ஓங்குவது வேண்டவே வேண்டாம். 1950 ராணுவச் சட்டத்தின் 47-வது பிரிவு, கீழே இருப்பவரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ 7 ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டத்தை விடுங்கள், என் கதையைச் சொல்கிறேன்.

நான் உஸ்தாத் ஆன முதல் பேட்ச். ஓட்டத்தில் ஒரு பையன் தினமும் கடைசி. நடிக்கிறான் என்று முடிவு கட்டி, மூன்று நாள் ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி, கொடுத்தேன். நான்காம் நாள் இரவு பேரக்கில் அவன் சாக்ஸைக் கழற்றும்போது குதிகால் தோலும் சேர்ந்து வந்தது. "ஏன்டா சொல்லவில்லை?" என்றேன். "பயமா இருந்துச்சு உஸ்தாத்" என்றான். அன்றிலிருந்து ராத்திரி எண்ணிக்கை முடிந்ததும் எல்லார் காலையும் பார்க்காமல் நான் தூங்கப் போனதில்லை.

அந்த பயம் இப்போது இன்னும் கூடுதல். இப்போது சிப்பாயாகச் சேரும் அக்னிவீரர்களுக்குப் பயிற்சியும் சேர்த்து 4 ஆண்டுதான் சர்வீஸ். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பதினெட்டு வயதுப் பையன் காய்ச்சலைக்கூட மறைப்பான். சமவெளியிலிருந்து வந்தவனுக்கு வெலிங்டனின் 6,000 அடி உயரத்துக் குளிரில் முதல் சில நாள் மூச்சு வாங்கும். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாடத்தில் 'நமூனா'தான் உயிர். நீங்கள் செய்து காட்டுவதை அவன் அப்படியே பிடித்துக்கொள்வான். உங்கள் முழங்கை வளைந்திருந்தால் நாற்பது முழங்கை வளையும். ஆகவே ரைஃபிளைப் பிரித்து மாட்டுவதை இப்போதே, ஒவ்வொரு அசைவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகுங்கள். கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரியும்.

இன்னொன்று. ஆர்டர் எல்லாம் இந்தியில். நிற்கிற பையன்கள் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம். 'தாஹினே' (வலப்பக்கம்) என்றதும் இடப்பக்கம் திரும்புகிறவனுக்கு வார்த்தைதான் புரியவில்லை, திமிர் கிடையாது. அவன் மொழியில் வலம், இடம் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள். கூடவே 'வலி' என்பதற்கும் அந்தந்த மொழியில் ஒரு சொல்: தெலுங்கில் நொப்பி, கன்னடத்தில் நோவு, மலையாளத்தில் வேதன. அந்த ஒரு சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்டாலே பையன் காலைக் காட்டிவிடுவான்.