1911 பிஸ்டலுக்குப் புது கிரிப் சேஃப்டி: கேள்வி பதில்

கிரிப் சேஃப்டி என்பது பிடியின் பின்பக்கம் இருக்கும் பூட்டு. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் ட்ரிகர் ஓடும். முதலில் ஒன்று. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்த பிறகு கேள்விக்கு வாருங்கள். வேலை செய்யும் மேஜையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

சுரேஷ்: சுடும்போது ஹேமர் பெருவிரல் இடுக்குச் சதையைக் கடிக்கிறது. டிராப்-இன் பீவர்டெய்ல் (வால் நீண்ட கிரிப் சேஃப்டி) போதுமா சார்?

கடி நிற்கும். ஃபிரேமை அரம் வைத்து வெட்டாமல் மாட்டலாம் என்பதுதான் அதன் வசதி. ஆனால் ஃபிரேமுக்கும் வாலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டுமென்றால் ஃபிரேமின் பின்முனையை வளைவாக வெட்ட வேண்டும். 0.250 அங்குல ஆரம் பரவலாகக் கிடைக்கிறது. எல்லா நிறுவனமும் ஒரே ஆரம் வைப்பதில்லை. பாகத்தையும் ஜிக்கையும் (வெட்ட வேண்டிய வளைவைக் காட்டும் அச்சு) ஒரே இடத்தில் வாங்குங்கள். பழைய நீண்ட வால் வைத்த ஸ்பர் ஹேமர் பெரும்பாலான பீவர்டெய்லில் இடிக்கும். கமாண்டர் வகை (வளையத் தலை) ஹேமருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

ஜெயந்தி: மாட்டிப் பார்த்தேன். சேஃப்டி பின்னால் வரவே மாட்டேன் என்கிறது. எங்கே அராவுவது?

சரியான இடத்தில் கேட்டீர்கள். கிரிப் சேஃப்டியின் மேல்பக்கம் முன்னோக்கி நீளும் ஒரு கை இருக்கிறது. பிடியை விட்டால் அது இறங்கி ட்ரிகர் வளையத்தின் (ட்ரிகரோடு சேர்ந்து நகரும் பின்சட்டம்) பின்னால் நின்று மறிக்கும். அழுத்தினால் மேலே ஏறி வழிவிடும். புதுப் பாகத்தில் அந்தக் கை வேண்டுமென்றே நீளமாக வருகிறது. அதனால் வளையத்தின் மேலேயே தங்கிவிடுகிறது.

கையின் முன்முகத்தில் லேஅவுட் நீல மை பூசி மாட்டுங்கள். மை உரசிய இடத்தில் மட்டும் மென்மையான அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். இருபது தடவை மாட்டிக் கழற்ற நேரிடலாம். கை வளையத்தின் பின்னால் 'டக்'கென்று விழுந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு இழுப்பு இழுத்தால் ட்ரிகருக்கு ஓட இடம் கிடைத்துவிடும். சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) நழுவலாம், ஹேமர் விழலாம்.

அடுத்தது விடுபடும் நேரம். பாதித் தூரம் அழுத்தியதும் ட்ரிகர் விடுபட வேண்டும். முழுக்க அழுத்தினால்தான் விடுபடுகிறது என்றால் கையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் எடுங்கள். முன்முகத்தைத் தொடாதீர்கள். ட்ரிகரையும் மாற்றுவதாக இருந்தால் அதை முதலில் மாட்டிவிடுங்கள். வளையத்தின் இடம் மாறினால் இந்த வேலை முழுதும் வீண்.

முரளி: எதற்கு இவ்வளவு? ஊசி (பின்) போட்டு கிரிப் சேஃப்டியை நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடலாமே. 1935-இல் வந்த ஹை-பவர் பிஸ்டலில் கிரிப் சேஃப்டியே இல்லை.

வேண்டாம். ஹை-பவரை முதலிலிருந்தே அப்படி வடிவமைத்தார்கள். உங்கள் துப்பாக்கி கை படாதபோது பூட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுச் செய்தது.

முரளி: கீழே விழுந்து வெடிப்பதை கிரிப் சேஃப்டி தடுக்காதே?

அது உண்மை. ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் கம்பி) தன் எடையிலேயே முன்னால் பாய்வதை இது மறிக்காது. ஆனால் உறையில் செருகும்போது சட்டை நுனி ட்ரிகரில் மாட்டினால் இது மறிக்கும். பெருவிரலை உயர்த்திப் பிடிப்பதால் உள்ளங்கை கிரிப் சேஃப்டியை அழுத்தவில்லை என்பதுதானே உங்கள் பிரச்சினை? அடியில் மேடு வைத்த பாகம் வாங்குங்கள். ஊசி வேண்டாம்.

டேவிட்: என் கிம்பர் சீரிஸ் 2-க்கு எந்தப் பாகமும் சரிவருமா?

வராது. அதில் ஃபயரிங் பின் பூட்டைத் திறப்பதே கிரிப் சேஃப்டிதான். பொதுப் பாகம் போட்டால் பூட்டு திறக்காமல் சுடாது. அந்த மாடலுக்கென்று செய்ததை மட்டும் வாங்குங்கள். கோல்ட் சீரிஸ் 80-இல் அந்த வேலையை ட்ரிகர் பார்க்கிறது. அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

கார்த்திக் (மதுரை): வீட்டிலேயே செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கடையில் கேளுங்கள்.

பிரபு: கொஞ்சம் அதிகமாக அராவிவிட்டேன். ஊசி போட்டு...

ஊசி பற்றி மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள். கை குட்டையாகிவிட்டதா என்பதை இப்படிப் பாருங்கள்: காலித் துப்பாக்கி, ஹேமரை ஏற்றி, கிரிப் சேஃப்டியைத் தொடாமல் பிடித்து ட்ரிகரை பலமாக இழுங்கள். பத்து முறை. ஒரு முறை ஹேமர் விழுந்தாலும் அந்தப் பாகம் குப்பைக்கு. விழாவிட்டாலும் ட்ரிகர் பின்னால் ஓடுவது விரலில் தெரிந்தால் வேறு வாங்குங்கள். நுனியைச் சுத்தியால் தட்டி நீட்டாதீர்கள்.

ஜெயந்தி: எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் பிடியை விட்டால் சேஃப்டி சோம்பலாகத் திரும்புகிறது.

பின்னாலிருந்து பார்த்தால் மூன்று இலை ஸ்பிரிங்கில் வலது இலை அதைத் தள்ளுகிறது. அந்த இலையை மட்டும் கொஞ்சம் வளைத்து விசை கூட்டுங்கள். இடது இலை சியருக்கு, நடு இலை ட்ரிகருக்கும் டிஸ்கனெக்டருக்கும் (ட்ரிகரை சியரோடு இணைத்து விடும் பாகம்). அவற்றில் கை படக்கூடாது. பிறகு மேலே சொன்ன பத்து இழுப்பை மறுபடி செய்யுங்கள்.